அப்பளம் காயும் நேரத்தில் போனுக்கு எவ்வளவு நேரம்?

போன வருஷம் ஆனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி இருக்கும். மொட்டைமாடியில் வேட்டி விரித்து 400 அப்பளம் காயப்போட்டிருந்தேன். கீழே அடுக்களைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, முந்தின நாள் எடுத்த ரீல்ஸுக்குப் பாட்டு தேடிக்கொண்டிருந்தேன். எந்தப் பாட்டை வைத்தாலும் அப்பளம் பொரியும் சத்தத்தோடு ஒட்டவில்லை. ஐந்து நிமிஷம் என்று உட்கார்ந்தது நாற்பது நிமிஷம் ஆகிவிட்டது. கொல்லையிலிருந்து அத்தைதான் சத்தம் போட்டார்கள்: "ஏட்டி, சாரல் அடிக்கு! மச்சுல கெடக்கத எடுக்கலையா?"

ஓடிப்போய்ப் பார்த்தால் பாதி அப்பளம் வேட்டியோடு ஒட்டிக் கிடக்கிறது. கல்லிடைக்குறிச்சியில் ஆனி, ஆடியில் மேற்கே மலைப்பக்கம் கறுத்தால் கொஞ்ச நேரத்தில் தூற்றல் விழும் என்று சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். தலையைத் தூக்கி மேற்கே பார்க்கத்தான் இல்லை. அன்றைக்கு வீணானது 180 அப்பளம். அந்த ரீல்ஸை மறுநாள் போட்டேன், 212 பேர் பார்த்தார்கள். ஆர்டர் ஒன்றுகூட வரவில்லை.

அதற்குப் பிறகு இந்தப் போன் வேலையை ஒரு ஒழுங்குக்குள் கொண்டுவர எனக்கு நாலைந்து மாதம் ஆனது. வீட்டிலிருந்தே சின்னதாக ஏதாவது செய்து விற்கிறவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன். நான் போடுவது உளுந்து அப்பளம், பிரண்டை அப்பளம், மிதுக்கு வத்தல், சீனியவரை வத்தல், சுண்டை வத்தல், மோர்மிளகாய். அப்பளம் இடுவதற்கு இரண்டு அக்காமார் வருகிறார்கள். வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். 2020 வரைக்கும் அம்பாசமுத்திரத்திலும் திருநெல்வேலி டவுனிலும் சில கடைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். ஊரடங்கில் கடைகள் ஆர்டரைக் குறைத்துவிட்டன. அந்த வருஷம் ஜூன் கடைசியில் டிக்டாக்கைத் தடை செய்தார்கள், ஜூலையில் இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் வந்தது. அக்கா மகன் ஒரு கணக்கு ஆரம்பித்துக் கொடுத்து, "சித்தி, தினமும் ஏதாவது போட்டுக்கிட்டே இருங்க" என்றான். அந்த "தினமும் ஏதாவது"தான் என்னை ஐந்து வருஷம் ஆட்டி வைத்தது.

முதலில் ஒரு வாரம் நோட்டு

எதையும் மாற்றாதீர்கள். எப்போதும் பார்ப்பதுபோலவே போனைப் பாருங்கள். ஆனால் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கட்டும். நாலு கட்டம் போடுங்கள்: போனை எடுத்த நேரம், எதற்காக எடுத்தேன், வைத்த நேரம், கடைசியில் என்ன செய்தேன். இரண்டாவது கட்டத்தையும் நாலாவது கட்டத்தையும் சேர்த்துப் படித்தால் சிரிப்பு வரும். என் நோட்டில் ஒரு வரி: "9.10. பாளையங்கோட்டை மாமிக்கு விலை சொல்ல. 9.35. விலை சொன்னேன், பிறகு யாரோ பலாப்பழம் வெட்டுவதைப் பார்த்தேன்."

எழுத மறந்துவிடும் என்றால் போனே கணக்கு வைத்திருக்கிறது. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸுக்குள் டிஜிட்டல் வெல்பீயிங் என்று இருக்கும், ஐபோனில் ஸ்க்ரீன் டைம். எந்த ஆப்பில் எத்தனை நிமிஷம் என்று இரண்டும் காட்டும். ஆனால் அது மொத்த நேரத்தைத்தான் சொல்லும். அதில் எவ்வளவு வியாபாரம், எவ்வளவு பலாப்பழம் என்று நோட்டுதான் சொல்லும்.

என் ஒரு வாரக் கணக்கு இப்படி வந்தது. ஒரு நாளைக்குச் சராசரியாக 3 மணி 20 நிமிஷம். அதில் ஆர்டர் எடுப்பது, விலை சொல்வது, முகவரி வாங்குவது, படம் போடுவது எல்லாம் சேர்த்து 1 மணி 5 நிமிஷம். மீதி இரண்டேகால் மணி நேரம் சும்மா. ஒரு மணி நேரத்தில் நான் 80 அப்பளம் இடுவேன். இரண்டேகால் மணிக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், 180 வந்தது. சாரலில் நனைந்த அதே எண்ணிக்கை! சாரல் ஒரு நாள் நனைத்ததை நான் தினமும் நனைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

உங்கள் தொழில் எதுவோ அந்த அளவையில் நேரத்தை எழுதுங்கள். தையல்காரர் என்றால் எத்தனை ரவிக்கை, முறுக்குச் சுற்றுகிறவர் என்றால் எத்தனை ஈடு. "இரண்டு மணி நேரம் வீண்" என்று எழுதினால் மனசு அசையாது. "180 அப்பளம்" என்று எழுதியபோதுதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அதே வாரத்தில் இன்னொன்றும் செய்யுங்கள். ஆர்டர் கொடுக்கிற ஒவ்வொருவரிடமும் "நம்மள எங்க பாத்தீங்க?" என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்த வாரம் 34 ஆர்டர். 21 பேர் ஏற்கெனவே வாங்குகிறவர்கள், வாட்ஸ்அப்பில் கேட்டார்கள். 6 பேர் அவர்கள் சொல்லி வந்தவர்கள். 4 பேர் கூகுள் மேப்பில் பார்த்துப் போன் செய்தார்கள். இன்ஸ்டாகிராமிலிருந்து வந்தவர்கள் 3 பேர். என் நேரத்தில் முக்கால்வாசியைச் சாப்பிட்டது எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

உடனே இன்ஸ்டாகிராமைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று கை துறுதுறுத்தது. ஆனால் அந்த 3 பேரில் ஒருவர் திருப்பூரில் சமையல் காண்ட்ராக்ட் எடுக்கிற அண்ணாச்சி. இன்றைக்கும் மாதம் 10 கிலோ வாங்குகிறார். அதனால் கணக்கை வைத்துக்கொண்டேன், கொடுக்கிற நேரத்தைத்தான் வெட்டினேன்.

எல்லா இடத்திலும் கடை விரிக்க வேண்டாம்

எது உங்களுக்கு வேலைக்கு ஆகும் என்பது விற்கிற பொருளைப் பொறுத்தது. எனக்குத் தெரிந்த மூன்று பேரைச் சொல்கிறேன்.

பத்தமடையில் என் சிநேகிதி ஒருத்தி கோரைப்பாய் நெய்து விற்கிறாள். மாப்பிள்ளை, பெண் பெயர் போட்டு நெய்கிற கல்யாணப் பாய்தான் அவளுக்கு வருமானம். ஒரு பாய் முடிய நாள் கணக்காகும். தினமும் போடுவதற்கு அவளிடம் என்ன இருக்கிறது? முடிந்த பாயை நல்ல வெளிச்சத்தில் இரண்டு படம், நுனி நெருக்கத்தில் ஒரு படம், வாரத்துக்கு ஒரு பதிவு. அவள் அதற்கு மேல் செய்வதில்லை, ஆர்டரும் குறையவில்லை. பாளையங்கோட்டையில் ஆரி வேலை செய்கிற பெண்ணுக்கு நேர்மாறு. வருகிறவர்கள் எல்லாரும் முதலில் டிசைனைப் பார்க்க வேண்டும், அவளுக்கு இன்ஸ்டாகிராம்தான் ஆல்பம். அவள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸே வைப்பதில்லை. வண்ணார்பேட்டையில் மெஸ் வைத்திருக்கிற எங்கள் சித்தப்பாவுக்கு இரண்டுமே பெரிதாகத் தேவையில்லை. பதினொரு மணிக்கு "இன்னிக்கு சொதி, இஞ்சிப் பச்சடி" என்று ஒரு ஸ்டேட்டஸ் வைப்பார், கூகுள் மேப்பில் இடமும் நேரமும் சரியாகப் போட்டிருக்கிறார். பன்னிரண்டரைக்கு நாற்காலி நிறைந்துவிடும்.

கூகுளில் கடைக்கான பக்கம் திறப்பது இலவசம். அரை நாள் உட்கார்ந்து பெயர், போன் நம்பர், திறந்திருக்கும் நேரம், பத்துப் படம் போட்டுவிட்டால் அப்புறம் மாதத்துக்குப் பத்து நிமிஷம் போதும். யாராவது விமர்சனம் எழுதினால் பதில் சொல்வது, லீவு நாளை மாற்றுவது, அவ்வளவுதான். செலவழிக்கிற நிமிஷத்துக்கு இவ்வளவு திருப்பித் தருகிற வேறு எதையும் நான் பார்க்கவில்லை. ஆனால் இதில் லைக், ஹார்ட் என்று எதுவும் விழாது. அதனால்தானோ என்னவோ பலரும் இதைத் தொடுவதே இல்லை.

நீங்கள் ஒன்றைப் பிரதானமாகவும் ஒன்றைத் துணைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பிரதானம் வாட்ஸ்அப், துணை இன்ஸ்டாகிராம். ஃபேஸ்புக்கில் தனியாக எதுவும் செய்வதில்லை, இன்ஸ்டாகிராமில் போடுவதே அங்கேயும் போய்விழும்படி இணைத்து வைத்திருக்கிறேன். யூடியூபில் சேனல் ஆரம்பி என்று மகள் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். அவள் ஆரம்பித்தால் பார்க்கிறேன்.

மூன்று இடைவெளி

கடிகாரத்தைப் பார்த்து "10 மணிக்குப் போன்" என்று வைத்தால் எனக்கு நடக்கவில்லை. பத்து மணிக்கு வெயில் எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் என் வேலை. அப்பளம் கூடுதலாகக் காய்ந்தால் ஓரம் சுருண்டு நொறுங்கும், குறைவாகக் காய்ந்தால் டப்பாவில் பூஞ்சை பிடிக்கும். அதனால் வேலைக்கு நடுவில் இயல்பாகவே கை ஓய்கிற இடங்களைத் தேடினேன். மூன்று கிடைத்தன.

காலையில் மாவைப் பிசைந்து மூடி வைத்த பிறகு 20 நிமிஷம். ராத்திரி வந்த செய்திகளுக்கு அப்போது பதில். மதியம் காய்ந்ததை எல்லாம் எடுத்து, சாப்பிட்ட பிறகு 30 நிமிஷம். பணம் வந்ததா என்று பார்ப்பது, முகவரி எழுதுவது, பார்சல் நம்பர் அனுப்புவது. கூரியர் தம்பி நாலு மணிக்கு வந்துவிடுவான், அதனால் இதைத் தள்ளிப்போட முடியாது. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு 15 நிமிஷம் ஸ்டேட்டஸ், இன்ஸ்டாகிராம் கமெண்ட். கூட்டினால் 65 நிமிஷம். வியாபாரத்துக்கு உண்மையில் தேவைப்பட்டதாக நோட்டு சொன்ன அதே 1 மணி 5 நிமிஷம்.

அப்பளம் மாடியில் கிடக்கிற நேரத்தில் போன் கிடையாது. அதுதான் வீட்டுச் சட்டம்.

சட்டம் போட்டால் மட்டும் கை கேட்குமா? எனக்கு உதவிய மூன்று விஷயங்கள். ஒன்று, பழைய போனில் தனி சிம் போட்டு வியாபாரத்தை அதற்கு மாற்றினேன். அது அரிசி டிரம் மேல் இருக்கும். சொந்தப் போன் இடுப்பில் இருந்தாலும் அதில் வியாபாரம் இல்லை, "ஆர்டர் வந்திருக்குமோ" என்ற சாக்கு இல்லை. இரண்டு, இன்ஸ்டாகிராம் நோட்டிஃபிகேஷன் மொத்தத்தையும் அணைத்தேன். போன் அழைப்பு மட்டும் சத்தம் போடும், அவசரம் என்றால் கூப்பிடுவார்கள். மூன்று, டிஜிட்டல் வெல்பீயிங்கிலேயே இன்ஸ்டாகிராமுக்கு ஒரு நாளைக்கு 20 நிமிஷம் என்று டைமர் வைத்தேன். நேரம் முடிந்தால் ஆப்பின் படம் சாம்பல் நிறமாகித் தூங்கிவிடும். திரும்ப எழுப்ப முடியும்தான். ஆனால் செட்டிங்ஸுக்குள் போய்த் தட்டித்தட்டி எழுப்புவதற்குள் கொஞ்சம் வெட்கம் வந்துவிடுகிறது.

முதல் பத்து நாள் கஷ்டம். இரண்டு பேர் "ஏன் ரிப்ளை இல்லை" என்று கோபப்பட்டார்கள், ஒருவர் போயே போய்விட்டார். தப்பு என்னுடையது. பதில் எப்போது வரும் என்று நான் யாருக்கும் சொல்லி வைக்கவில்லை. வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பில் நாம் இல்லாத நேரத்தில் தானாகப் போகிற செய்தி ஒன்று வைக்கலாம். என்னுடையது இது: "வணக்கம். இப்போது அப்பளம் காய்ந்துகொண்டிருக்கிறது. காலை 7, மதியம் 2, இரவு 8.30 மணிக்குப் பதில் போடுவோம். அவசரம் என்றால் கூப்பிடுங்கள்." இதை வைத்த பிறகு கோபம் இல்லை. சில பேர் "நல்லா காயட்டும்மா, அப்புறம் பேசலாம்" என்று எழுதுகிறார்கள்.

ஒரே பதிலை நூறு தடவை எழுத வேண்டாம்

வாட்ஸ்அப் பிசினஸ் 2018-இலிருந்தே இருக்கிறது, இலவசம். நான் 2023 வரைக்கும் சாதா வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் விலைப்பட்டியலை விரலால் அடித்துக்கொண்டிருந்தேன். மாறின பிறகு முதலில் செய்தது குவிக் ரிப்ளை. அடிக்கடி எழுதும் பதிலைச் சேமித்து வைத்து, சாய்கோடு போட்டு ஒரு சின்ன வார்த்தை தட்டினால் முழுப் பதிலும் வந்து நிற்கும். 50 வரை வைக்கலாம். என்னிடம் ஒன்பதுதான். விலை, பார்சல் செலவு, பணம் அனுப்பும் விவரம், எத்தனை நாளில் வரும், எத்தனை மாதம் இருக்கும், மழையால் தாமதம், இப்படி. எந்த ஒன்பது என்று யோசித்து எழுதாதீர்கள். பழைய செய்திகளை மேலே தள்ளிப் பாருங்கள், எதைத் திரும்பத் திரும்ப அடித்திருக்கிறீர்கள் என்று தெரியும்.

அதே ஆப்பில் கேட்டலாக் இருக்கிறது. பொருள், படம், எடை, விலை போட்டு வைத்துவிட்டால் கேட்கிறவருக்கு அந்த இணைப்பை அனுப்பினால் போதும். சாப்பாட்டுப் பொருள் விற்கிறவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண்ணையும் அதில் போட்டுவிடுங்கள். அதைத் தனியாகக் கேட்கிறவர்கள் இப்போது அதிகம். ஒவ்வொருவரோடும் நடக்கிற உரையாடலுக்கு லேபிளும் ஒட்டலாம். எனக்கு நாலு லேபிள்: "பணம் வரணும்", "பார்சல் போடணும்", "போயாச்சு", "மொத்த ஆர்டர்". மதியம் முதல் இரண்டு லேபிளை மட்டும் திறந்து பார்த்தால் அன்றைய வேலை தெரிந்துவிடும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். விலையை மறைக்காதீர்கள். "விலைக்கு டிஎம் செய்யவும்", அதாவது தனியாகச் செய்தி அனுப்பிக் கேளுங்கள் என்று போட்டால் ஆள் பேச வருவார்கள், பேசினால் வாங்குவார்கள் என்று ஒரு நம்பிக்கை ஓடிக்கொண்டிருக்கிறது. நானும் ஒரு வருஷம் அப்படித்தான் செய்தேன். வந்தவர்களில் பாதிப் பேர் விலை கேட்டதும் காணாமல் போனார்கள். அந்தப் பாதிப் பேருக்குப் பதில் அடித்தது என் நேரம். விலையை வெளியே போட்டபோது செய்திகள் குறைந்தன, ஆர்டர் குறையவில்லை.

பணம் அனுப்பியதாக வரும் ஸ்க்ரீன்ஷாட்டை மட்டும் நம்பி பார்சல் போடாதீர்கள். ஒரு கார்த்திகை மாதம் 5 கிலோ போய்விட்டது எனக்கு, படம் அச்சு அசலாக இருந்தது. இப்போது பேங்க் ஆப்பைத் திறந்து பார்த்த பிறகுதான் லேபிளை மாற்றுவேன். மதிய 30 நிமிஷத்தில் முதல் ஐந்து நிமிஷம் அதற்குத்தான்.

வத்தல் மாதிரி படத்தையும் சேர்த்து வையுங்கள்

ஐப்பசி, கார்த்திகையில் யாரும் வத்தல் போடுவதில்லை. பங்குனி, சித்திரை வெயிலில் போட்டு டின்னில் அடைத்ததைத்தான் மழைக்காலத்தில் பொரிக்கிறோம். படம் எடுக்கிற விஷயத்தில் மட்டும் ஏன் தினமும் பச்சையாகப் பறிக்க வேண்டும் என்று ஒரு நாள் தோன்றியது. அன்றிலிருந்து மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, ஒன்றரை மணி நேரம் மட்டும் படம் எடுக்கிறேன். ஒரே உட்காரலில் எட்டு, பத்துத் துண்டு வீடியோ. சேலையை மட்டும் நடுவில் ஒரு தடவை மாற்றிக்கொள்வேன். இல்லாவிட்டால் இரண்டு வாரம் ஒரே சேலையில் அப்பளம் இடுவதுபோல் இருக்கும், பார்க்கிறவர்கள் கேட்கிறார்கள்!

மழைக்காலத்துக்கான வெயில் படங்களைச் சித்திரையிலேயே எடுத்துவிடுகிறேன். மாடியில் வேட்டி விரிப்பது, வத்தல் கிளறுவது, பின்னால் பொதிகை மலை தெளிவாகத் தெரிவது. ஐப்பசியில் போய் அதை எடுக்க முடியாது.

எதை எடுப்பது என்று மண்டையை உடைக்க வேண்டாம். ஆட்கள் கேட்கிற கேள்விதான் படம். "எண்ணெய் எவ்வளவு காயணும்?" "நமத்துப்போனா என்ன செய்ய?" "மிதுக்கு வத்தல் கசக்குமா?" "சுண்டை வத்தல் குழம்புக்கு எத்தனை போடணும்?" கேள்வி வரும்போது நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைப்பேன். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கத்தைத் திறந்தால் வேலை தயார். வீடியோ அரை நிமிஷத்துக்கு மேல் போகாது. பாட்டுத் தேடுவதை விட்டுவிட்டேன். அப்பளம் பொரியும் சத்தமே போதும், கூட என் குரலில் ஒரு பதில்.

எடுத்ததை அன்றைக்கே நாள், நேரம் குறித்துப் போட்டுவைத்துவிடலாம். மெட்டா பிசினஸ் சூட் என்ற இலவச ஆப்பில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டுக்கும் சேர்த்தே நேரம் குறிக்கலாம். இன்ஸ்டாகிராமிலேயே புரொஃபஷனல் கணக்கு என்றால் 75 நாள் முன்கூட்டியே குறித்து வைக்க முடியும். வாரத்துக்கு இரண்டு ரீல்ஸ், செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் ஏழு மணிக்கு அதுவாகவே போய்விடும். அந்த நேரத்தில் நான் தோசை சுட்டுக்கொண்டிருப்பேன். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் மட்டும் அன்றன்றைக்கு, ஒரே ஒரு படம். மாடியில் காய்ந்துகொண்டிருப்பது, கட்டி வைத்த பார்சல் அடுக்கு, இப்படி. அது 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் என்பதால் அழகு பார்க்க வேண்டியதில்லை. நம் நம்பரைச் சேமித்து வைத்திருக்கிறவர்களுக்குத்தான் அது தெரியும். அதனால் ஒவ்வொரு பார்சலிலும் "இந்த நம்பரைச் சேமித்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு சீட்டு வைக்கிறேன். ஒரே செய்தியைப் பல பேருக்குத் தனித்தனியாகப் போகும்படி அனுப்புகிற பிராட்காஸ்ட் லிஸ்டுக்கும் அதே விதிதான். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் நம்பரைச் சேமிக்காதவருக்குப் போகாது.

ஒரு லட்சம் பேர் பார்த்த கதை

2024-இல் என் ரீல்ஸ் ஒன்று ஓடியது. பெரிதாக ஒன்றும் இல்லை. எண்ணெயில் போட்ட அப்பளம் பூரி மாதிரி எழும்பி, அத்தை அதைக் கரண்டியால் அமுக்கிச் சிரிக்கிறார்கள். நாலு நாளில் ஒரு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து எண்ணைப் பார்ப்பேன். கமெண்டுக்கெல்லாம் பதில் போட்டேன், எனக்குத் தெரியாத மொழியில் வந்ததற்குக்கூட இதயம் போட்டேன். மாவு வாங்கப் போகவில்லை. அக்காமார் இரண்டு நாள் வந்து சும்மா உட்கார்ந்துவிட்டுப் போனார்கள், கூலி கொடுத்தேன்.

அந்த ஒரு லட்சத்திலிருந்து வந்த ஆர்டர் 3. அதில் ஒன்று அரைக் கிலோ.

அப்பளம் உப்புவதைப் பார்க்கப் பிடிக்கிறவர்கள் வேறு, அப்பளம் வாங்குகிறவர்கள் வேறு. அதே மாதம் "நமத்த அப்பளத்தை என்ன செய்யலாம்" என்று போட்ட வீடியோவை 900 பேர்தான் பார்த்தார்கள், 11 ஆர்டர் வந்தது. வீட்டில் நமத்த அப்பளம் வைத்திருக்கிறவர்தானே அதைப் பார்ப்பார். அதனால் மாதக் கடைசியில் கணக்குப் பார்க்கும்போது பார்வை, லைக், ஃபாலோயர் எதையும் நான் நோட்டில் எழுதுவதில்லை. எழுதுவது மூன்றே எண்: எத்தனை மணி நேரம், எத்தனை புது ஆள், பழைய ஆட்களில் எத்தனை பேர் திரும்ப வந்தார்கள்.

பணம் கொடுத்து ஆள் வைப்பதைப் பற்றிக் கொஞ்சம். மாதம் இவ்வளவு என்று பேசி ஒருவரிடம் மூன்று மாதம் கணக்கை ஒப்படைத்தேன். என் பக்கத்தில் நட்பு தின வாழ்த்தும் பூனைப் படமும் வந்ததுதான் மிச்சம். உங்கள் மாடியை வந்து பார்க்காதவர் உங்கள் அப்பளத்தைப் பற்றி என்ன எழுதுவார்? ஆள் வைப்பதென்றால் முகவரி அச்சடிப்பது, வீடியோ வெட்டுவது மாதிரி வேலைக்கு வையுங்கள். எனக்கு மகள் வெட்டித் தருகிறாள், ஒரு வீடியோவுக்கு இவ்வளவு என்று கைச்செலவுக் காசு உண்டு. வாட்ஸ்அப்பை அவள் லேப்டாப்பிலும் இணைத்திருக்கிறேன், நாலு கருவி வரை இணைக்கலாம். ஓடிபி மட்டும் யாருக்கும் சொல்லக் கூடாது, வீட்டு ஆள் என்றாலும். இரண்டடுக்குப் பாதுகாப்புக்கு ஆறு இலக்க எண்ணையும் போட்டு வையுங்கள். கணக்குத் தொலைந்தால் அதை மீட்க அலைகிற நேரம் எந்த நோட்டிலும் அடங்காது.

மழை, தீபாவளி

2023 டிசம்பர் வெள்ளத்தை இந்தப் பக்கம் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது, தாமிரபரணி கரையை உடைத்துக்கொண்டு ஓடியது. எங்களுக்குக் கரண்டும் இல்லை, டவரும் இல்லை. 26 பார்சல் கட்டி வைத்தபடி கிடந்தது. டவர் திரும்ப வந்ததும் பிராட்காஸ்டில் ஒரே செய்தி போட்டேன்: "நாங்கள் நலம். பார்சல் தாமதமாகும். பணம் திரும்ப வேண்டும் என்றால் சொல்லுங்கள்." அடிக்க இரண்டு நிமிஷம். திரும்பக் கேட்டவர் ஒருவர்தான். அந்த நம்பர்களை எல்லாம் முன்பே பட்டியலாகச் சேர்த்து வைத்திராவிட்டால் ஒவ்வொருவரையும் தேடித்தேடி எழுத ஒரு நாள் போயிருக்கும். வியாபாரம் ஓய்வாக இருக்கிற வாரத்தில் அந்தப் பட்டியலைச் செய்துவிடுங்கள்.

65 நிமிஷச் சட்டத்தை நானே உடைக்கிற காலம் ஒன்று உண்டு, தீபாவளிக்கு முந்தின மூன்று வாரம். அப்போது ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குகிறேன், கூட ஒரு அக்காவை இடுவதற்குச் சேர்த்துக்கொள்கிறேன். விளம்பரத்துக்குப் பணம் கட்டுவதும் அந்த ஒரு தடவைதான். அதுவும் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இருக்கிற நம்மூர் ஆட்களுக்குப் போய்ச் சேரும்படி இடத்தைக் குறித்து, ஏற்கெனவே ஆர்டர் கொண்டுவந்த வீடியோவுக்கு மட்டும். புதிதாக ஒரு வீடியோ எடுத்து அதற்குப் பணம் கட்டுவது நிலத்தைப் பார்க்காமல் விதைப்பது மாதிரி.

தீபாவளி முடிந்த மறுநாள் போன் அரிசி டிரம்மை விட்டு இறங்குவதில்லை. போன தீபாவளிக்கு மறுநாள் நாங்கள் எல்லாரும் பாபநாசம் போய்க் குளித்துவிட்டு வந்தோம். ராத்திரி பார்த்தால் ஏழு செய்தி. தானாகப் போகிற பதில் போயிருந்தது, அதனால் அப்படியே விட்டுவிட்டு மறுநாள் காலை மாவைப் பிசைந்து மூடிய பிறகுதான் எடுத்தேன். ஆறு பேர் ஆர்டர் போட்டார்கள். ஏழாவது செய்தி திருப்பூர் அண்ணாச்சியுடையது: "அம்மா, அப்பளம் எப்ப காயும்? ரெண்டு நாளா இதே மெசேஜ்தான் வருது."